கடல் கடந்து வரும் காசும் கணக்குக் கேட்கும் கடமையும்

கடல் கடந்து சென்று பொருளீட்டுவது எம்மவர்க்குப் புதிய செய்தியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவுக்குக் கப்பலேறினர். அங்கே புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுதுவினைஞர்களாகக் கடமையாற்றி, மாதந்தோறும் ஊருக்குக் காசுக்கட்டளை அனுப்பினர். அக்காசைக் கொண்டு எழுந்த கல்வீடுகள் சில இன்றும் குடாநாட்டில் நிமிர்ந்து நிற்கின்றன. அந்நாளில் தபாற்காரர் படலையைத் திறந்து கொண்டு வருவார், வீட்டிலுள்ளவர் ஒப்பமிடுவார், தபாலதிபரின் ஏட்டிலும் ஒரு வரி எழுதப்படும். அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் நடுவே கடல் விரிந்து கிடந்தபோதிலும், ஒவ்வொரு ரூபாவுக்கும் ஒரு துண்டுக் கடதாசி சாட்சியாக இருந்தது.

இன்று எம்மவர் செல்லும் திசைகள் பலவாகிவிட்டன. குவைத், கட்டார், சவூதி அரேபியா என்று ஒரு பகுதியினர். கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து என்று மற்றொரு பகுதியினர். வெளிநாடுகளில் உழைப்போர் 2024 ஆம் ஆண்டில் இலங்கைக்கு அனுப்பிய பணம் ஏறத்தாழ 657 கோடி அமெரிக்க டொலராகும். இத்தொகையைப் பத்திரிகையில் படிக்கும்போது அது வெறும் எண்ணாகத் தோன்றும். ஆயின், அதனுள்ளே அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து அந்நியர் வீட்டுக் குழந்தைக்குப் பால் காய்ச்சும் தாய் ஒருத்தி இருக்கிறாள். பாரிஸ் நகரத்து உணவகமொன்றின் பின்கட்டில் நள்ளிரவு வரை பாத்திரம் துலக்கும் இளைஞன் ஒருவன் இருக்கிறான். தன் பிள்ளை வளர்வதைத் தொலைபேசித் திரையில் மட்டுமே கண்டு ஆறுதலடையும் தகப்பன் ஒருவன் இருக்கிறான்.

தேன் உள்ள இடத்தை எறும்பு தேடி வருவதுபோல, இவ்வளவு பணம் புழங்கும் இடத்தை வஞ்சகரும் தேடி வருகின்றனர். உழைத்தவர் தூரத்தில் இருக்கிறார். பணம் இங்கே இருக்கிறது. இந்த இடைவெளியே அவர்களுடைய விளைநிலம். அவர்கள் எவ்வழியாக வருகின்றனர், அவ்வழிகளை அடைப்பது எவ்வாறு என்பதை எமது வாசகர்கள் குடும்பத்தோடு அமர்ந்து சிந்திக்க வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு தாயின் ஒன்பது வருடங்கள்

மட்டக்களப்புப் பகுதியில் நாம் அறிந்த குடும்பம் ஒன்றுண்டு. அக்குடும்பத் தலைவி ஒன்பது வருடங்கள் குவைத்தில் வீட்டு வேலை செய்தவர். ஓட்டுக்கூரையும் கிணறும் உள்ள ஒரு வீடு, மகளுக்குப் பல்கலைக்கழகப் படிப்பு என்னும் இரண்டே ஆசைகளை மனத்தில் வைத்துக் காசு சேர்த்தார். கணவரின் தம்பி ஒருநாள் ஒரு செய்தி கொண்டுவந்தார். ஒரு நிறுவனத்தில் ஐந்து இலட்சம் ரூபாவை இட்டால் மாதம் ஐம்பதினாயிரம் ரூபா கிடைக்கும் என்பதே அச்செய்தி. அத்தம்பி பொய்யரல்லர், தம் காசையும் அவர் அதிலேயே இட்டிருந்தார்.

முதல் மூன்று மாதங்களும் சொன்ன நாளில் சொன்ன தொகை வந்தது. தாயார் மகிழ்ந்து, மேலும் பதின்மூன்று இலட்சத்தை அனுப்பினார். ஐந்தாம் மாதம் நிறுவனத்தின் கதவில் பூட்டுத் தொங்கியது. தொலைபேசி இலக்கங்கள் ஓய்ந்துபோயின.

அந்த அம்மையார் ஊர் திரும்பியபின் எம்மிடம் கூறிய வார்த்தைகளை நாம் மறக்கவில்லை. “காசு போனது போகட்டும், ஐயா. நான் போட்டிருக்கிறேன் என்று கேள்விப்பட்டுத்தான் எங்கள் ஒழுங்கையில் ஆறு பேர் போட்டார்கள். அவர்களுடைய முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?” என்றார் அவர். ஏழு மாதங்களாகப் பொலிசாரிடம் முறைப்பாடு செய்யாமலும் இருந்தார். மைத்துனரின் பெயர் கெட்டுவிடும் என்பது ஒரு காரணம். ஊர் சிரிக்கும் என்பது மற்றொன்று.

இங்கே வஞ்சகன் களவாடியவை இரண்டு. ஒன்று காசு, மற்றது உற்றார்க்கிடையே இருந்த நம்பிக்கை. காசை அவன் நேராக எடுக்கவில்லை. அந்த நம்பிக்கையையே ஏணியாக வைத்து ஏறி வந்து எடுத்தான்.

பழைய நோய், புதிய பெயர்

மாதம் நூற்றுக்குப் பத்து என்பதன் பொருளை மாணவர்கள் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்பார்களாக. அவ்வட்டியை எடுக்காமல் முதலோடு சேர்த்து வந்தால், ஓர் இலட்சம் ரூபா ஐந்து வருடங்களில் மூன்று கோடி ரூபாவைத் தாண்டிவிடும். இத்தகைய வித்தையை அறிந்த ஒருவன் உலகில் இருப்பானாயின், அவன் எமது படலைக்கு வந்து ஐந்து இலட்சம் கேட்டு நிற்க வேண்டிய தேவை யாது?

முதல் மாதங்களில் ஒழுங்காக வரும் ‘வட்டி’ உண்மையில் வட்டியன்று. நாம் கொடுத்த முதலில் ஒரு பகுதியும், நமக்குப் பின்னர் வந்தவர்கள் கொடுத்த முதலுமே அவ்வாறு திரும்பி வருகின்றன. புதியவர் வருகை குறைந்த அன்றே கட்டடம் சரிந்துவிடும்.

இத்தந்திரம் நூறாண்டுக்கு மேற்பட்டது. இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த சார்ள்ஸ் பொன்சி என்பவர், 1920 ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரில் 45 நாட்களில் நூற்றுக்கு ஐம்பது இலாபம் தருவதாகக் கூறிப் பணம் திரட்டினார். ஒரு நாட்டிலே தபால் மறுமொழிக் கூப்பன்களை மலிவாக வாங்கி, மற்றொரு நாட்டிலே கூடிய விலைக்கு மாற்றுவதாக அவர் விளக்கமளித்தார். அவர் திரட்டிய பணத்துக்கு ஈடாகப் பதினாறு கோடி கூப்பன்கள் வேண்டியிருந்தன என்றும், உலகில் அப்போது புழக்கத்தில் இருந்தவையோ ஏறத்தாழ 27,000 மாத்திரமே என்றும் கணக்குப் பார்த்தவர்கள் வெளிப்படுத்தினர். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் பொன்சி கைது செய்யப்பட்டார். இவ்வகை மோசடிக்கு அவருடைய பெயரே நிலைத்துவிட்டது.

இதைவிடக் கவனிக்கத்தக்கது, அவர் அதற்கு முன்னர் பழகிய இடம். கனடாவின் மொன்றியல் நகரில், குடிபெயர்ந்த இத்தாலியருக்கென்று நடத்தப்பட்ட சிறு வங்கியொன்றில் அவர் வேலை செய்தார். பிற வங்கிகளைவிட இருமடங்கு வட்டி அங்கே கொடுக்கப்பட்டது. அவ்வட்டியும் புதிய வைப்பாளரின் பணத்திலிருந்தே கொடுக்கப்பட்டது. முடிவில் வங்கி முதலாளி பணத்தோடு மெக்சிக்கோவுக்கு ஓடிவிட்டார். ஆகவே, அந்நிய மண்ணில் தன் மொழி பேசும் ஒருவனைக் கண்டவுடன் மனம் இளகும் ஏழைத் தொழிலாளியே அன்றும் இலக்காக இருந்தான். அவன் ஊரும் மொழியும் வேறு. அவன் கண்ணீர் எம்மவர் கண்ணீரே.

எமது நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. 2008 ஆம் ஆண்டு டிசம்பரில் கோல்டன் கீ என்னும் கடனட்டை நிறுவனம் வீழ்ந்தபோது, ஏறத்தாழ 9,000 வைப்பாளரின் 2,600 கோடி ரூபா அளவான பணம் அதில் அகப்பட்டுக் கொண்டது. வைப்புப் பெறுவதற்கு அந்நிறுவனத்துக்கு மத்திய வங்கியின் அனுமதி இருந்ததில்லை. பணமிட்டவர்களுள் கற்றோரும் உயர்பதவி வகித்தோரும் இருந்தனர். படிப்பறிவில்லாதவரே ஏமாறுவர் என்று எண்ணுவது பிழையென்பதை இதனால் அறியலாம்.

ஒருவர் பலரைச் சேர்த்தால் பணம் பெருகும் என்னும் சங்கிலித் திட்டமும் இதன் உடன்பிறப்பேயாகும். ஒருவர் ஆறு பேரையும், அவ்வறுவர் ஒவ்வொருவரும் மேலும் ஆறு பேரையும் சேர்ப்பதாக வைத்துக் கொண்டால், பத்தாம் படியில் மட்டும் ஆறு கோடிக்கு மேற்பட்டோர் வேண்டும். இலங்கையின் மொத்தச் சனத்தொகையோ ஏறத்தாழ 2 கோடியே 20 இலட்சம். அடித்தட்டில் உள்ளவர் இழப்பது தற்செயலன்று. கணக்கின் முடிவே அது. இத்தகைய திட்டங்களை நடத்துவதும் பிறரைச் சேர்ப்பதும் இலங்கையின் வங்கித்தொழிற் சட்டத்தின்படி குற்றமாகும்.

தொலைபேசியில் வரும் உறவு

அடுத்த வழி தொலைபேசியாகும். “தங்களுக்கு வந்த பொதி சுங்கத்தில் நிற்கிறது, வரியைக் கட்டுங்கள்” என்று ஒரு குரல். “தூதரகத்திலிருந்து பேசுகிறோம், தங்கள் விசாவில் பிழையிருக்கிறது” என்று மற்றொரு குரல். “வங்கியிலிருந்து அழைக்கிறோம், இப்போது வரும் ஆறு இலக்கங்களைச் சொல்லுங்கள்” என்று இன்னொரு குரல். இம்மூன்றினுள்ளும் மறைந்திருப்பது ஒரே தந்திரம். முதலில் அச்சம், அடுத்து அவசரம், பின்னர் இரகசியம். அஞ்சியவன் ஆராயமாட்டான்; அவசரப்பட்டவன் பிறரைக் கேட்கமாட்டான்; இரகசியம் காப்பவனை எவரும் தடுக்க முடியாது.

உண்மையான வங்கி எதுவும் இரகசிய இலக்கத்தைத் தொலைபேசியிற் கேட்பதில்லை. அவ்விலக்கத்தைச் சொல்வது பெட்டகத்தின் திறப்பைத் தெருவில் போகிறவனிடம் கொடுப்பதை ஒக்கும்.

இப்பொழுது செயற்கை நுண்ணறிவின் துணையால் ஒருவர் பேசுவது போன்றே குரலை உருவாக்கவும் முடிகிறது. ரொறன்ரோவிலுள்ள மகன் அழுதுகொண்டு பேசுவதுபோல ஓர் அழைப்பு வந்தால், பெற்ற வயிறு பதறுவது இயல்பே. ஆயினும், அந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு, மகனின் பழைய இலக்கத்துக்குத் தாமே அழைத்துப் பார்க்க வேண்டும். குடும்பத்தார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக் கொள்வது மிகவும் நன்று. வீட்டில் வளர்த்த நாயின் பெயரோ, பழைய மாமரத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயரோ போதும். முகநூலில் எழுதியிராத சொல்லாக அது இருத்தல் வேண்டும்.

பணத்தைப் பறிகொடுத்தவரை இரண்டாம் முறையும் கொள்ளையிடுவோர் உளர். “இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் ஒரு கட்டணம் செலுத்துங்கள்” என்று வருவோர் பெரும்பாலும் முதற் களவினரின் கூட்டாளிகளே, அல்லது அவர்களிடம் பெயர்ப்பட்டியலை விலைக்கு வாங்கியவர்களே. புண்ணில் ஈ மொய்ப்பது போன்றது இது.

உண்டியலும் வேலை முகவரும்

உண்டியல் மூலம் பணம் அனுப்பும் வழக்கம் எம்மவரிடையே நெடுங்காலமாக உள்ளது. 2021 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2022 இன் தொடக்கத்திலும் வங்கியில் டொலரின் விலை கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, வெளியே கூடிய விலை கிடைத்தமையால் பலர் அவ்வழியை நாடினர். 2020 இல் ஏறத்தாழ 710 கோடி டொலராக இருந்த உத்தியோகபூர்வப் பணவரவு 2022 இல் ஏறத்தாழ 380 கோடியாக வீழ்ந்தது.

டொலருக்குச் சில ரூபா கூடக் கிடைப்பது உண்மையே. ஆயின், உண்டியற்காரர் காசைக் கொடாமல் விட்டால் முறைப்பாடு செய்ய எமது கையில் பற்றுச்சீட்டு இல்லை. அது மட்டுமன்று. முன்பின் அறியாத ஒருவர் எமது கணக்கில் இடும் ரூபா, போதைப்பொருள் விற்ற காசாகவோ வேறொருவரிடம் மோசடி செய்த காசாகவோ இருக்கலாம். அப்போது விசாரணைக்கு உட்படுவதும் முடக்கப்படுவதும் குற்றமறியாத தாயின் வங்கிக் கணக்கேயாகும்.

வெளிநாடு போகுமுன்னரே பணத்தை இழப்போர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தாலிக்கொடியை அடகு வைத்து முகவருக்குக் கொடுத்துவிட்டு, விமான நிலையத்தில் நின்று அழுதவர் பலர். அண்மை ஆண்டுகளில் கணினி வேலையென்று நம்பித் தாய்லாந்து வழியாகச் சென்ற இலங்கை இளைஞர் சிலர், மியன்மாரின் மியாவடிப் பகுதியில் அடைக்கப்பட்டு, பிறரை இணையவழி ஏமாற்றும் வேலையைச் செய்யுமாறு வதைக்கப்பட்டனர். ஆகையால், தொலைபேசியில் எம்மை ஏமாற்ற முயலும் குரலும் சில வேளைகளில் ஏமாற்றப்பட்ட ஒருவனின் குரலாக இருக்கலாம். முகவர் அனுமதி பெற்றவரா என்பதை 1985 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்தறியலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1989 ஆகும்.

காணியும் அற்றோணித் தத்துவமும்

குடிபெயர்ந்தோரின் பணம் வங்கியில் மட்டும் இருப்பதன்று, மண்ணிலும் கிடக்கிறது. இங்கே ஒரு சட்டத்தை நினைவூட்ட விரும்புகிறோம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணிக் கைமாற்றம் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படல் வேண்டும். மோசடியைத் தடுப்பதற்கென்றே பிறந்த சட்டம் இது. எனினும், உரிமையாளர் கடலுக்கப்பால் இருக்கையில், கள்ள ஒப்பமிட்ட அற்றோணித் தத்துவத்தைக் காட்டியும், ஆள்மாறாட்டம் செய்தும் காணிகள் விற்கப்பட்டதுண்டு.

ஆதலால், எல்லா அதிகாரமும் அடங்கிய பொது அற்றோணித் தத்துவத்தை எவருக்கும் எளிதில் எழுதிக் கொடுத்தலாகாது. இன்ன காணி, இன்ன கருமம் என்று வரையறுத்து எழுதுதல் வேண்டும். கருமம் முடிந்தபின் அதை முறைப்படி இரத்துச் செய்தல் வேண்டும். ஆண்டுக்கொருமுறையேனும் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதியைப் பெற்றுப் பார்ப்பதும், காணியில் எவர் இருக்கிறார் என்பதை நேரிற் சென்று பார்க்கச் செய்வதும் செலவு குறைந்த காவலாகும்.

குடும்பம் செய்யத்தக்கவை

பணமிடுமுன் மத்திய வங்கி வெளியிடும் அனுமதி பெற்ற வங்கிகளின் பட்டியலையும் நிதிக் கம்பனிகளின் பட்டியலையும் பார்த்தல் வேண்டும். நிறுவனம் ‘பதிவு செய்யப்பட்டது’ என்று காட்டும் பத்திரம் போதாது. பலசரக்குக் கடையும் பதிவு செய்யப்பட்டதே. வைப்புப் பெற அனுமதியுண்டா என்பதே கேள்வி. அனுமதி பெற்ற நிறுவனமாயினும் வீழ்ச்சியடையக்கூடும். அந்நிலையில் உதவுவதற்கே 2010 இல் தொடங்கப்பட்ட வைப்புக் காப்புறுதித் திட்டம் உள்ளது. ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு அத்திட்டம் வழங்கும் ஈட்டின் உச்சவரம்பு 2021 இல் 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. எல்லா முட்டைகளையும் ஒரே கடகத்தில் வைத்துச் சந்தைக்குப் போகக் கூடாதென்பதை எமது பாட்டிமார் அறிவர்.

வெளிநாட்டில் உழைப்பவர் இரண்டு கணக்குகள் வைத்திருத்தல் நன்று. ஒன்று வீட்டுச் செலவுக்கு. மற்றது தம் பெயரில் மட்டும், சேமிப்புக்கு. இது வீட்டாரை ஐயுறுவதன்று. வீட்டிலிருப்பவரை வஞ்சகனின் வற்புறுத்தலிலிருந்து காப்பதுமாகும். “காசு என் கையிலில்லை” என்று உண்மையாகவே சொல்லக்கூடியவரை எவனும் நச்சரிக்க மாட்டான்.

பெருந்தொகை எதையும் கொடுக்குமுன் மூன்று இரவுகள் பொறுப்பதை வீட்டு விதியாக வைத்துக் கொள்ளலாம். அம்மூன்று நாட்களுள் அத்திட்டத்தால் பயன்பெறாத ஒருவரிடம், அதாவது ஓர் ஆசிரியரிடமோ வங்கி உத்தியோகத்தரிடமோ, அதனை விளக்கிச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே பல பொய்கள் கலைந்துவிடும். நாளை வரை பொறுக்க முடியாதென்று எவன் சொல்கிறானோ, அவனை இன்றே அனுப்பிவிடலாம்.

பறிபோய்விட்டதாயின் வெட்கப்பட்டு வீற்றிருத்தலாகாது. முதலில் வங்கிக்கு அறிவித்தல் வேண்டும். பணம் கைமாறி மறையுமுன் தடுக்க இயலுமாயின் அது முதற் சில மணித்தியாலங்களிலேயே இயலும். பின்னர், கடிதங்கள், பற்றுச்சீட்டுகள், தொலைபேசிச் செய்திகள் ஆகியவற்றை அழிக்காமல் எடுத்துக் கொண்டு பொலிசாரிடம் செல்ல வேண்டும். ஏமாந்தவன் குற்றவாளியல்லன். அவன் மௌனமே அடுத்த வீட்டின் இழப்புக்கு வழிவிடுகிறது.

கணக்கும் பிணக்கும்

கணக்கைப் பார்த்தால் பிணக்கு வரும் என்று எம்மிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. அண்ணனிடம் பற்றுச்சீட்டுக் கேட்பதும், மாமனிடம் வங்கிப் புத்தகத்தைக் காட்டச் சொல்வதும் அவமரியாதை என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாம். ஊர்ச் சீட்டிலும் அவ்வாறே. சீட்டைப் பிடிப்பவர் நல்லவர் என்பதால் எழுத்தில் எதுவும் கேளோம். அவர் ஒருநாள் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனபின்னரே எழுத்தின் அருமையை உணர்வோம்.

நாம் சிந்தித்துப் பார்த்த அளவில், பிணக்கு வருவது கணக்குப் பார்ப்பதனாலன்று. காலம் தாழ்த்திப் பார்ப்பதனாலேயே. மாதந்தோறும் பார்க்கும் கணக்கிற் சிறு பிழையே இருக்கும். அதைச் சிரித்துக் கொண்டே திருத்திவிடலாம். ஒன்பது வருடங்கள் பாராத கணக்கைப் பார்க்கும் நாளில்தான் உறவு முறிகிறது.

முற்கூறிய மட்டக்களப்புத் தாயார் இறுதியில் தம் மகளின் வற்புறுத்தலால் முறைப்பாடு செய்தார். ஒழுங்கையிலுள்ள ஆறு வீட்டாரும் அவரோடு கூடச் சென்றனர். மைத்துனரும் சென்று தாமே முதற் சாட்சியாக வாக்குமூலம் அளித்தார். நாம் இதனை எழுதும் வரை காசு திரும்பவில்லை. ஆனால், ஏழு மாதங்களாகப் பேசாதிருந்த அவ்விரு வீட்டாரும் அன்று ஒரே முச்சக்கர வண்டியில் வீடு திரும்பினராம். தாயார் மீண்டும் குவைத்துக்குச் சென்றிருக்கிறார். உயர்தர வகுப்பிற் படிக்கும் மகள் மாத முடிவில் வரவையும் செலவையும் ஒரு கொப்பியில் எழுதி, வங்கிப் புத்தகத்தின் பக்கத்தோடு சேர்த்துப் படம்பிடித்துத் தாய்க்கு அனுப்புகிறாள்.

எமது மாணவ வாசகர்கள் இம்மகளின் தொழிலை ஏற்றுக் கொள்வார்களாக. தந்தையோ தாயோ அண்ணனோ அக்காவோ கடலுக்கப்பால் உழைக்கும் வீடு உங்களுடையதாயின், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கொப்பியை எடுங்கள். முதற் பக்கத்தில் அவர்களுடைய பெயரை எழுதுங்கள். அவர்கள் அனுப்பிய காசு எங்கே இருக்கிறது என்பதை அதற்குக் கீழே எழுதுங்கள். தபாலதிபரின் ஏட்டில் அந்நாளில் எழுதப்பட்ட அந்த ஒரு வரியை இனி உங்கள் கைகளே எழுதட்டும்.